பேஸ் பாலனும் பண்பாட்டு மன்றமும்

மலாக்காவில் ஒருவன் கித்தார் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும். செயலாளர் ஆவதற்கு ஒரு சாயங்காலம் போதும். அந்தச் சாயங்காலம் நாலு பேர் வராமல் போனால் துணைத் தலைவராகவே ஆகிவிடலாம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பண்பாட்டு மேம்பாட்டு மன்றத்தில் பதவி வகித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிற்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேச விரும்புவார்கள். இரண்டு வார்த்தை என்பது மன்றத்துக் கணக்கில் முக்கால் மணி நேரம்.

அந்த வரிசையில் நிற்காத ஒரே வாத்தியக்காரன் பாலன். மூன்று பேண்டுகளில் பேஸ் வாசித்தவன். அந்த மூன்றையும் மன்றம் எப்படித் தத்தெடுத்து வளர்த்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு மன்றத்தின் மேல் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

பாலன் கஜா பெராங் என்கிற கம்போங்கில், அதாவது கிராமத்தில், பிறந்த மலாக்கா செட்டி. செட்டி என்றதும் வட்டிக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். பல தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இந்த மண்ணோடு கலந்துபோன குடும்பங்கள் இவை. வீட்டில் மாரியம்மனுக்கு விளக்கேற்றுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். பாலனுக்குத் தெரிந்த தமிழ், சாமிகளின் பெயர்களும் பலகாரங்களின் பெயர்களும்தான். பஸ் கம்பெனி ஒன்றில் டயர் மாற்றும் வேலை பார்த்தான். அகலமான கை, குறைவான பேச்சு.

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த சத்தம் அது. சாம்பாரில் பருப்பு மாதிரி. இருக்கும்போது யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இப்படிப்பட்ட வேலையை விரும்பிச் செய்பவன் பெரிய ஆசைக்காரனாக இருக்க முடியாது. பாலனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தன் வாசிப்பு ஒரு ரெக்கார்டில் பதிய வேண்டும். கல்யாண வீட்டில் வாசித்த சத்தம் பந்தல் பிரிக்கும்போதே போய்விடுகிறது, ரெக்கார்டு போகாது என்பான்.

முதல் பேண்டு மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த சமயத்தில் ஆரம்பமானது. ஊரெல்லாம் கொடி, எல்லா இளைஞர்களின் கையிலும் கித்தார். பாலனிடம் கித்தார் இல்லை. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பை நட்டு, கயிறு கட்டி, அதையே பேஸாக்கிக்கொண்டான். கித்தார் வாசித்தவன் கலியாணசுந்தரம். செமாபோக்கைச் சேர்ந்த தமிழ்ப் பையன், ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. எல்லோருக்கும் சுந்தரம். அவனும் பாலனும் மலாயில் சண்டை போட்டு மலாயிலேயே சமாதானம் ஆகிற அளவுக்குச் சிநேகிதர்கள். இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ‘பெராங் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கம்போங்கில் ஒரு கல்யாணத்தில் இவர்கள் வாசித்த ராக் அண்ட் ரோலுக்குச் சமையல்காரர் கரண்டியோடு வந்து ஆடினார்.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் மன்றத் தலைவர் நல்லையா வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு நிற்க வைத்தே பழகிவிட்டதால், ஓய்வு பெற்ற பிறகும் நிற்க வைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகத் தொடங்கப்பட்டதுதான் மன்றம் என்று சிலர் சொல்வதுண்டு. நான் சொல்லவில்லை.

நல்லையா மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே, நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. இனி நம் இளைஞர்கள் இஷ்டப்படி பாடித் திரிய முடியாது. முறைப்படி பாட வேண்டும். முறை என்பது என்ன? மன்றம்தான் முறை. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆகவேதான் என்னால் எந்தப் பக்கமும் சாயாமல் சங்கீதத்தைப் பற்றி முடிவெடுக்க முடிகிறது. இன்று முதல் இந்த இளைஞர்களை மன்றம் தத்தெடுக்கிறது.”

கைதட்டல். பாலன் சுந்தரத்தைப் பார்த்தான். “தா பாஹாம்” என்றான். புரியவில்லை என்று அர்த்தம். பின்னால் அவன் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

தத்தெடுத்ததும் மன்றம் முதலில் செய்த காரியம், பேண்டில் இருந்தவர்களுக்குப் பதவி கொடுத்தது. பாட்டுப் பாடியவன் இணைச் செயலாளர் ஆனான். இரண்டாவது கித்தார்க்காரன் உள்கணக்காய்வாளர். சலவைப் பலகையைத் தேய்த்துத் தாளம் போட்டவன் பந்தல் துறைப் பொறுப்பாளர். இங்கே மன்றத்தின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பதவியில் உள்ளவர்கள் மேடையில் வாத்தியம் தூக்கக் கூடாது, கௌரவக் குறைவு. ஆகவே பதவி கிடைத்த மூன்று பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மேடையின் முன்வரிசை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்கள். பெராங் பாய்ஸின் அடுத்த நிகழ்ச்சியில் வாசிக்க இரண்டு பேர், அவர்களைப் பாராட்ட மூன்று பேர்.

சுந்தரத்துக்கும் ஒரு பதவி வந்தது. வேண்டாம் என்றான். “டேய் பாலா, நான் இருக்கிற வரைக்கும் நீ இல்லாத மேடை கிடையாதுடா” என்றான். அப்போது அவன் அதை மனசாரச் சொன்னான். இன்றைக்கும் அதை நான் நம்புகிறேன். பாலனுக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. மன்றத்தில் பதவிக்குத் தேவை ஒரே தகுதி, தமிழில் நிறுத்தாமல் பேசுவது. பாலனால் தொடங்கவே முடியாது.

இரண்டாவது பேண்டின் பெயர் ‘செமாபோக் ஸ்டார்ஸ்’. இதற்குள் பாலன் நிஜமான பேஸ் கித்தார் வாங்கியிருந்தான். தெரெண்டாக் ராணுவ முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் விட்டுப்போனது. சிவப்பு நிறம், நான்கு தந்தி, தோளில் மாட்டினால் ஒரு மூட்டை அரிசி கனம். அதே சமயத்தில் கல்யாணமும் ஆனது. புக்கிட் காதிலைச் சேர்ந்த கோகிலா. அவளுக்கு மலாய் தெரியும், அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். மாமனார் சின்னப்பாவுக்குத்தான் மருமகனின் தொழில் பிடிபடவில்லை. சுந்தரம் பாடுவதும் கித்தார் வாசிப்பதும் அவருக்குத் தெரிந்தது. மருமகன் பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பதும் தெரிந்தது. “நம்ம மாப்பிள்ளை பேண்டுக்குச் சாமான் தூக்குறாரு” என்று எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெக்கார்டு வரட்டும் மாமா” என்பான் பாலன், மலாய் பேசுகிறவர்கள் ஒட்டும் ‘லா’வையும் சேர்த்து. “அட்டையில பேர் போடுவான். அப்ப தெரியும் லா.”

செமாபோக் ஸ்டார்ஸ் வளர்ந்தது. சீனர் கல்யாண விருந்துகள், பள்ளி மண்டபங்கள், சினிமாக் கொட்டகையில் இடைவேளை நிகழ்ச்சி. இளைஞர்கள் இடுப்பை ஒடித்து ஆடினார்கள். மன்றத்துக்குச் செய்தி எட்டியது. தத்தெடுப்பு விழா, மாலை, பொன்னாடை. இந்த முறை தலைவர் பாலனின் கித்தாரை அருகில் வந்து பார்த்தார். அதன் தந்திகளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். ஆங்கில எழுத்துகளைச் சொன்னான் பாலன்.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சுதந்திர நாட்டில்,” என்றார் நல்லையா, “ஒரு தமிழ் மேடையில், நான்கு தந்திகளும் வெள்ளைக்காரன் பெயரோடு நிற்கின்றனவா? இத்தனை நாள் இதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் இல்லாவிட்டால் யார் கவனித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிப் பார்க்கும்போது எனக்கே என் மேல் மரியாதை வருகிறது.”

தந்திப் பெயர்சூட்டுக் குழு அமைக்கப்பட்டது. செமாபோக் ஸ்டார்ஸின் பாடகனும், சுந்தரம் தவிர மற்ற இரண்டு கித்தார்க்காரர்களும் அதில் உறுப்பினர் ஆனார்கள். ஆகவே வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். குழு மன்றத்து மாடியில் கூடிக் கூடிப் பேசியது. சேரன், சோழன், பாண்டியன் என்று மூன்று தந்திகளுக்குச் சிக்கலில்லாமல் பெயர் வைத்தாகிவிட்டது. நான்காவதற்கு மூவேந்தர்களில் ஆள் இல்லை. பல்லவன் என்றார் ஒருவர். பல்லவன் வந்தால் நான் ராஜினாமா என்றார் இன்னொருவர். பெயர் இல்லாத தந்தியை மன்ற மேடையில் மீட்டக் கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டுவிட்டார்கள். பெயரில்லாமல் நின்றது எல்லாவற்றிலும் தடித்த தந்தி. பேஸில் அந்தத் தந்தியைத் தொடாமல் வாசிப்பது லாரியில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுவதற்குச் சமம். ஓட்டினான். மன்றத்தின் ஆண்டு விழாவில் சேர சோழ பாண்டியர்களை மட்டும் வைத்துக்கொண்டு பாலன் பட்ட பாட்டைப் பார்த்து கோகிலா பின்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் நான்காவது தந்திக்கு நல்லையா என்று பெயர் வைக்க ஒருமனதாக முடிவானது. தலைவர் மூன்று முறை மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். உடனே அடுத்த சிக்கல். தலைவர் பெயருள்ள தந்தியை விரலால் தட்டுவது மரியாதையா? அதற்கும் வழி கண்டார்கள். அந்தத் தந்தியைத் தொடும் ஒவ்வொரு முறையும் வாசிப்பவர் சபையைப் பார்த்துத் தலை வணங்க வேண்டும். ராக் அண்ட் ரோலில் அந்தத் தந்தி எத்தனை முறை வரும் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. பாலன் அன்று பாட்டு முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தான். சபையில் இருந்த இளைஞர்கள் இது சிங்கப்பூரில் வந்திருக்கும் புது ஆட்டம் என்று நினைத்து எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் தன்னை வணங்கி அவர் பார்த்ததில்லை.

விழா முடிந்ததும் இன்னொரு அறிவிப்பு வந்தது. நான்கு தமிழ்ப் பெயர்களைத் தாங்கிய வாத்தியம் இனி ஒரு தனிமனிதன் வீட்டில் இருப்பது பொருத்தமல்ல, அது மன்றத்தின் சொத்து. பாலன் சுந்தரத்தைப் பார்த்தான். “வாசிக்கப் போறது நீதானடா. எங்க இருந்தா என்ன?” என்றான் சுந்தரம். அதுவும் சரிதான் என்று பாலன் நினைத்தான். பாலனிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான், எரிச்சல் ஊட்டுவதும் இதுதான்.

மூன்றாவது பேண்டு ‘மைனாஸ்’. பாலன், சுந்தரம், டிரம் அடிக்க தேவதாஸ் என்று ஒரு தபால்காரர், இன்னொரு கித்தாருக்கு ஒரு பள்ளி வாத்தியார். நாலே பேர். ஒத்திகைக்கென்று சொல்லி பேஸை மன்றத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மன்றத்துக்குத் தெரியாமல் மூவாரில் ஒரு விருந்தில் வாசித்தார்கள். அங்கே சாப்பிட வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர், ரெக்கார்டு போடும் கம்பெனி வைத்திருப்பவர், கை கழுவாமலேயே மேடைக்கு வந்தார். நாலு பாட்டு பதிவு செய்யலாம், தைப்பூசம் முடிந்ததும் வாருங்கள் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த பாலன் கோகிலாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான் என்று கோகிலா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை, எப்படியோ செய்தி எட்டி, தலைவர் நல்லையா ஜவுளிக்கடைக்கு வந்து சுந்தரத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் சுந்தரம் கஜா பெராங் வந்தான்.

“பாலா, நான் இசைப் பிரிவுச் செயலாளர் ஆகிட்டேன்டா.”

“நீயுமா?”

“உள்ள ஒருத்தன் இருந்தாத்தான்டா நம்மளக் காப்பாத்த முடியும். வெளியில நின்னு என்ன கிழிச்சோம்? எனக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்திருக்காங்க. செயலாளரா இருந்துகிட்டே கித்தார் தூக்கலாம். உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்.”

“எனக்காகவா?”

“வேற யாருக்கு?”

பாலன் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். கோகிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், ஆனால் சுந்தரத்தின் முகத்தைப் பார்த்து வைக்கவில்லை.

சிங்கப்பூர்ப் பயணம் கிளம்பிய காலையில் ஜாலான் பெண்டஹாராவில் இரண்டு டாக்சிகள் நின்றன. ரெக்கார்டு செய்ய நாலு பேர். ரெக்கார்டு செய்பவர்களை அழைத்துப் போக எட்டுப் பேர். தலைவர், தலைவர் களைத்தால் தலைமை தாங்கத் துணைத் தலைவர், பொருளாளர் பொன்னுதுரை, பொருளாளரின் மைத்துனர், மாலைகளுக்குத் தண்ணீர் தெளிக்க ஒருவர், பொன்னாடையை மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொள்ள ஒருவர், இப்படி. டிரம்மும் கித்தார்களும் வண்டியின் பின்பெட்டியில் திணிக்கப்பட்டன. பாலன் முன்னால் போன டாக்சியில், பொருளாளருக்கும் அவர் மைத்துனருக்கும் நடுவில், மூச்சைப் பாதியாக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் சிரிப்புப் போகவே இல்லை.

செமாபோக் கூடத் தாண்டவில்லை. பின்டயர் வெடித்தது.

பாலன்தான் முதலில் இறங்கினான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தான். டாக்சிக்காரர் ஒரு கிழட்டுச் சீனர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு ஆள் குறைந்தால்தான் மூவார் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரி வரைக்கும் போய்ச் சேரலாம், இல்லாவிட்டால் மாற்றுகிற டயரும் வெடிக்கும் என்றார். பின்னால் வந்த டாக்சி இதைவிட நெருக்கமாக இருந்தது.

“டயர் மாற்றுவதற்கு ஆள் இருக்கிறது. கூட்டம் நடத்தவும் ஆள் இருக்கிறது. நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?” என்றார் நல்லையா. சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் அவசரப் பொதுக்கூட்டம் தொடங்கியது. இறைவணக்கம் பாடினார்கள். இறங்குவது யார் என்பதுதான் பொருள்.

தலைவர் முதலில் பேசினார். “நான் இறங்கத் தயார். இப்போதே இறங்குவேன். ஆனால் நான் இறங்கினால் மன்றமே இறங்கியதாக ஆகிவிடும். மன்றம் இறங்கினால் தமிழர்களின் பண்பாடு செமாபோக்கில் நின்றுவிடும். என் சொந்த விருப்பத்துக்காகப் பண்பாட்டை நடுரோட்டில் விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, கஷ்டமாக இருந்தாலும், நான் வண்டியில் உட்கார்ந்தே வருகிறேன்.”

பொருளாளர் பொன்னுதுரை எழுந்தார். “எனக்குப் பாட்டுக் கேட்டா தலைவலி வரும். டாக்டர் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அப்படிப்பட்ட நானே பாட்டு ரெக்கார்டுக்குக் கிளம்பி வந்திருக்கேன்னா என் தியாகத்த நீங்க புரிஞ்சுக்கணும். என்னைய இறக்கி விட்டா அந்தத் தியாகம் வீணாப் போயிடும்.”

மைத்துனர், அக்காவுக்குச் சிங்கப்பூரில் ஒரு பாத்திரம் வாங்கிவருவதாக வாக்குக் கொடுத்திருப்பதாகவும், வாக்குத் தவறாமை தமிழர் பண்பாடு என்றும் சொன்னார். மாலைக்குத் தண்ணீர் தெளிப்பவர், தான் இல்லாவிட்டால் மாலை வாடும், வாடிய மாலையைத் தலைவருக்குப் போட்டால் சிங்கப்பூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். டிரம் அடிக்கும் தேவதாஸ் முந்தின வாரம்தான், சுந்தரத்துக்குக் கொடுத்த அதே விதிவிலக்கோடு, நன்றியுரைப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். நன்றியுரை இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் முடியாது, முடியாத நிகழ்ச்சியிலிருந்து யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்றார். கைதட்டினார்கள். பள்ளி வாத்தியாரும் சேர்ந்து கைதட்டினார். அவர் வாத்தியார் என்பதால் அவரை இறக்குவது பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

பாலன் வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து ஜாக்கியைத் தள்ளிக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. கோகிலா சொல்லிக் கொடுத்த தமிழில் பாதி புரிந்தது. தன் பெயர் வரும் என்று அவன் நினைக்கவில்லை. ரெக்கார்டு செய்யப் போகிற பயணத்தில் வாத்தியக்காரனையா இறக்குவார்கள்?

நல்லையா தொண்டையைச் செருமினார். “மிஞ்சுவது பேஸ். இதில் நமக்கு நிபுணர் கருத்து வேண்டும். இசைப் பிரிவுச் செயலாளர் அவர்களே, நீங்கள் இசை அறிந்தவர். பாட்டில் பேஸ் கேட்குமா?”

சுந்தரம் எழுந்து நின்றான். வண்டியின் பக்கம் பார்க்கவில்லை.

“பெரிசாக் கேக்காதுங்க, தலைவர்.”

“பெரிசாகக் கேட்காதா, கேட்கவே கேட்காதா? தீர்மானத்தில் தெளிவாக வர வேண்டும்.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது போகும்வரை சுந்தரம் காத்திருந்தான்.

“கேக்கவே கேக்காதுங்க.”

அந்த வார்த்தையைப் புரிந்துகொள்ள பாலனுக்குக் கோகிலாவின் உதவி தேவைப்படவில்லை. அவன் அப்போது கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். முழுவதும் இறுக்கி முடித்தான். ஜாக்கியை இறக்கி, பழைய டயரைத் தூக்கிப் பின்பெட்டியில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோ முதலாளிக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எடுத்துத் தலைவர் பாலனின் வெறும் தோளில் போர்த்தினார். மாலையும் விழுந்தது.

“தியாகம் செய்கிறோம் என்று தெரிந்து செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அதில் ஒரு சுயநலம் இருக்கிறது,” என்றார் நல்லையா. “தெரியாமலேயே செய்பவன்தான் உண்மையான தியாகி. தம்பி பாலன் அப்படிப்பட்டவர். அவர் இறங்கிய இந்த இடத்தை மன்றம் மறக்காது.”

“என் பேஸ்?” என்றான் பாலன்.

“அது மன்றத்தின் சொத்து, தம்பி. அட்டைப் படத்துக்கு வேண்டும்.”

எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். சுந்தரம் கடைசியாக ஏறப் போனவன், தயங்கி, பாலனிடம் வந்தான். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள்.

“அடுத்த ரெக்கார்டுல கண்டிப்பா நீதான்டா.”

“இத்தன வருஷம் என் பக்கத்துல நின்னியே, உனக்குக் கேட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

சுந்தரம் மாலையில் ஒட்டியிருந்த ஒரு நாரை எடுத்துப் போட்டான்.

“எனக்குக் கேக்கும்டா. அது உனக்குத் தெரியாதா? அங்க நான் செயலாளரா பேசினேன்.”

இரண்டு டாக்சிகளும் கிளம்பின. பாலன் மாற்றிய டயர் அருமையாக ஓடியது. மலாக்காவுக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது, அவன் வேலை செய்யும் கம்பெனி பஸ்தான். கண்டக்டர் மாலையையும் பொன்னாடையையும் பார்த்து, “என்னண்ணே, உங்களுக்குப் பாராட்டா?” என்றான்.

“ஆமா லா” என்றான் பாலன்.

வீட்டில் கோகிலா எல்லாவற்றையும் கேட்டாள். மாலையை வாங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். “நட்டு எல்லாத்தையும் லூசா விட்டுட்டு வர வேண்டியதுதானே! சும்மா விட்டீங்களா?” என்றாள்.

“சுந்தரம் அந்த வண்டி உள்ள இருக்கான், கோகிலா.”

அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. அன்று அவன் சாப்பிடவில்லை. மன்றம் இறக்கிவிட்டதை அவன் ஒரு வாரத்தில் ஜீரணித்துவிட்டான். மன்றம் என்றால் அப்படித்தான், மழை என்றால் நனைக்கும். சுந்தரம் எழுந்து நின்று சொன்ன அந்த இரண்டு வார்த்தை மட்டும் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. வேலை செய்யும்போது திடீரென்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பான் என்று பஸ் கம்பெனியில் சொன்னார்கள்.

ரெக்கார்டு தீபாவளிக்கு முன்னால் வந்தது. சுந்தரம் வேலை பார்த்த ஜவுளிக்கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார்கள். கோகிலா மசாலாச் சாமான் வாங்க வேண்டும் என்று பாலனையும் அழைத்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாரா போயிருந்தாள். வேறு தெரு வழியாகப் போகலாம் என்றான் அவன். நாம் எதற்கு ஒளிய வேண்டும் என்றாள் அவள்.

கடைக் கண்ணாடியில் அட்டையை மாட்டியிருந்தார்கள். படத்தில் நிர்வாகிகள் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் பொருளாளர் பொன்னுதுரை சிவப்பு பேஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோருடைய பெயரும் பதவியோடு அச்சாகியிருந்தது. ரெக்கார்டின் முதல் பக்கம் முழுவதும் தலைமையுரை. அது தெருவெல்லாம் முழங்கியபோது ஜனங்கள் அவரவர் காரியத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். வாழ்த்துரை வந்தது, பொருளாளர் உரை வந்தது, தேவதாஸின் நன்றியுரை வந்தது. நாலு பாட்டில் மிஞ்சியிருந்தது ஒன்று. அதுவும் நன்றியுரை நீண்டுவிட்டதால் பாதியில்தான் தொடங்கியது.

சுந்தரத்தின் குரல் வந்தது, கித்தார் வந்தது. அதற்கு அடியில் பேஸ் வந்தது.

சிங்கப்பூரில் ஸ்டூடியோக்காரர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, இது இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே ஓர் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாலன் வாசிக்கிற மாதிரியே வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் எந்தத் தந்தி என்று சுந்தரமே பக்கத்தில் நின்று பாடிக் காட்டினானாம். இது பின்னால் வாத்தியார் சொல்லித் தெரிந்தது. அந்தக் காலையில் பாலனுக்கு இது எதுவும் தெரியாது. தடித்த சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து இறங்கி, தெருவில் ஓடி, எதிரே நகைக்கடையின் கண்ணாடியை அதிர வைத்தது. வெயிலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு ட்ரைஷாக்காரர் தன் சைக்கிள் ரிக்ஷாவில் சாய்ந்தபடி கால் பெருவிரலால் தாளம் போட்டார். பாலன் விட்ட இடத்தில் விட்டு, பாலன் இழுத்த இடத்தில் இழுத்து, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக வந்தது.

கோகிலா பையைக் கீழே வைத்தாள்.

“கேக்குதேங்க” என்றாள்.

பாலன் பாட்டு முடியும் வரை நின்றான்.

“ஆமா,” என்றான். “யாருன்னு தெரியல. நல்லா வாசிக்கிறான் லா.”